ரோஷ மயக்கம்

அந்த வீட்டில் மயங்கி விழுவது ஒரு தகுதி.

மற்ற வீடுகளில் யாராவது மயங்கினால் முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், வண்டி பிடிக்க ஓடுவார்கள். இவர்கள் வீட்டில் தலைக்கு ஒரு மடித்த போர்வையை வைத்துவிட்டு, தானாக எழுந்திருக்கட்டும் என்று காத்திருப்பார்கள். எழுந்ததும் சர்க்கரை தூக்கலாக ஒரு தேநீர். அடுத்த ஒரு வாரத்துக்கு அந்த ஆளைக் கூப்பிடும் குரலிலேயே மரியாதை கூடிவிடும்.

"எங்க வீட்டு ரத்தம் அப்படி. ரோஷம் ஏறினா உடம்பு தாங்காது, சாய்ச்சிடும்" என்று அந்த வீட்டு மாமியார் சொல்வார். சொல்லும்போது முகத்தில் கவலை இருக்காது. சொந்தமாக நாலு மாடி வீடு வைத்திருப்பவர் போல இருக்கும்.

வீடு மாற்றிக் கொடுப்பது அவர்கள் தொழில். ஒரு லாரி, சாமான்களைச் சுற்ற நாற்பது போர்வை, தோளில் மாட்டிக்கொள்ளும் ஆறு பட்டை, மழைக்கு ஒரு தார்ப்பாய். அலமாரி மாடி ஏறும்போது மேலே பிடிப்பவர் பின்பக்கமாக நடந்து வழி காட்டுவார். பாரம் முழுக்கக் கீழே பிடிப்பவரின் நெஞ்சில்தான் இறங்கும். அந்தக் கீழ்ப்பிடி எப்போதும் மாமியாரின் மூத்த மகனுக்கு. நாற்பத்தொரு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், கதவளவு முதுகு. மேல்பிடி தம்பிக்கு. கண்ணாடியும் பீங்கானும் மாமியார் பொறுப்பு. காகிதம் சுற்றி அவர் கட்டிய பெட்டியில் இதுவரை ஒரு தட்டு உடைந்ததில்லை.

மூத்தவர் மூன்று முறை மயங்கியிருக்கிறார். பிரேக் விட்டு உருண்ட லாரியைத் துரத்தி ஓடியபோது ஒரு முறை. லிஃப்டைத் தொடக்கூடாது என்று சொன்ன காவலாளியிடம் சண்டை போட்டபோது ஒரு முறை. ஒரு வாடிக்கையாளர் "யோவ் கூலி" என்று கூப்பிட்டபோது ஒரு முறை. மூன்றும் அந்த வீட்டில் பதக்கம் மாதிரி. தம்பி ஒரு தடவைகூட மயங்கியதில்லை. அதனால் அவருக்குப் பெயர் 'பச்சைத் தண்ணி'. யார் என்ன சொன்னாலும் சிரிப்பார்.

அந்தப் பெருமையின் வேர் அவர்கள் அப்பா. முப்பது வருடத்துக்கு முன்னால் ஒரு மூன்றாவது மாடிப் படிக்கட்டில் அவர் உயிர் போனது. சுமந்துகொண்டிருந்த பீரோவை ஒரு கீறல் விழாமல் படியில் இறக்கி வைத்துவிட்டுத்தான் சாய்ந்தார் என்பார்கள். வீட்டுக்கு யார் வந்தாலும் முதல் தேநீரோடு இந்தக் கதையும் வரும்.

தம்பியின் மனைவியும் இந்தக் கதையைக் கேட்டுத்தான் இந்த வீட்டுக்குள் வந்தாள். கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் பன்னிரண்டு வருடமாக வேலை. மாமியார் அவளைக் கூப்பிடுவதே 'மருந்துக்கடைக்காரி' என்றுதான். செல்லமும் உண்டு, குத்தலும் உண்டு.

காற்று பேயாக அடித்த ஒரு வாரத்தில், பள்ளிக்கூடத்திலிருந்து கடைக்குப் போன் வந்தது. ஓட்டப்பந்தயத்தில் அவள் மகள் சிட்டு பாதி தூரத்தில் விழுந்துவிட்டாளாம். எட்டு வயது. கால் தடுக்கவில்லை, யாரும் தள்ளவில்லை. ஓடிக்கொண்டிருந்தவள் சுவிட்சை அணைத்த மாதிரி விழுந்திருக்கிறாள். அரை நிமிடம் கழித்து எழுந்து, "யார் ஜெயிச்சது?" என்று கேட்டிருக்கிறாள்.

மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தபோது, மாமியார் ஏற்கெனவே தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தார்.

"வந்திடுச்சா? நான் நெனச்சேன். இவ பெரியப்பன் ரத்தம்டி. பச்சைத் தண்ணிக்குப் பொறந்தாலும் ரோஷம் எங்கே போகும்?"

"அத்தை, கொழந்தை மூச்சுப் பேச்சு இல்லாம கெடந்திருக்கா."

"பெரியவன் கெடக்கலியா? இப்ப என்ன கொறஞ்சு போயிட்டான்?"

மருமகள் தேநீரைக் குழந்தைக்குக் கொடுத்தாள். குடித்து முடித்ததும் செருப்பை மாட்டி அழைத்துக்கொண்டு நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். பன்னிரண்டு வருடம் கல்லாவுக்குப் பின்னால் நின்றவளுக்கு ஒன்று தெரியும். கோபத்தில் மயங்குபவர்கள் உண்டு. ஆனால் சிட்டுவுக்குக் கோபமே வரவில்லை. அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

இதய மருத்துவர் ஒரு பெண்மணி. ஈ.சி.ஜி. காகிதத்தை மேசையில் விரித்து, ஒரு சின்ன மேட்டை விரலால் காட்டினார்.

"ஒவ்வொரு துடிப்பு முடிஞ்சதும் இதயம் அடுத்ததுக்குத் தயாராகணும். உங்க பொண்ணுக்கு அந்தத் தயாராகிற நேரம் கொஞ்சம் நீளம். சும்மா இருக்கும்போது ஒண்ணும் தெரியாது. ஓடும்போதோ, நீந்தும்போதோ, ரொம்பக் கோபமோ பயமோ வரும்போதோ தாளம் தப்பிடும். பொறப்புலயே வர்றது. பரம்பரையா வரும். உங்க வீட்ல யாராவது இப்படி விழுந்திருக்காங்களா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "விழுந்தவங்களுக்குத்தான் எங்க வீட்ல மரியாதையே டாக்டர்" என்றாள்.

மருத்துவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் மாமனார் கதையைச் சொன்னாள், மூத்தவர் கதையைச் சொன்னாள். பிறகு அடக்கி வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

"எத்தனை வருஷம் டாக்டர்?"

"எது?"

"இவ இருக்கிறது."

மருத்துவர் காகிதத்தை மடித்தார். "இது தெரியாமலே இருக்காங்க பாருங்க, அவங்களை நெனச்சுத்தான் எனக்குப் பயம். தெரிஞ்சுக்கிட்டு, மாத்திரையை ஒரு நாளும் விடாம போட்டு, வருஷா வருஷம் வந்து காட்டுறவங்க பெரும்பாலும் எல்லாரையும் போலத்தான் வயசாகுறாங்க. வேலைக்குப் போறாங்க, புள்ளை பெத்துக்கிறாங்க. என்கிட்ட வர்றவங்கள்ல மூட்டு வலின்னு பொலம்புற வயசுக்காரங்களும் இருக்காங்க."

"சத்தியமா?"

"சத்தியம் பண்ணித் தர மாட்டேன். ஆபத்து சுத்தமா போயிடாது, நல்லாக் கொறையும். சில பேருக்கு மாத்திரை போதாம, தாளம் தப்பினா சரி பண்ற ஒரு கருவியை நெஞ்சுல வைக்க வேண்டி வரும். பந்தயம் வேண்டாம், தனியா தண்ணில எறங்க வேண்டாம். வாந்தி பேதின்னா உடனே வரணும். அப்புறம் இந்தப் பட்டியல்ல இருக்கிற மருந்து எதுவும் கூடாது. முக்கியமா ஒண்ணு. இவ அப்பாவையும் அப்பா கூடப் பொறந்தவரையும் கூட்டிட்டு வாங்க."

அவள் பட்டியலை வாங்கிப் பார்த்தாள். அதில் ஐந்தாறு மருந்துகள் தினமும் அவள் கையால் எடுத்துக் கொடுப்பவை.

பச்சைத் தண்ணி மறுநாளே வந்து சட்டையைக் கழற்றிப் படுத்தார். ஒருமுறைகூட மயங்காத அந்த மனிதருக்கும் காகிதத்தில் அதே நீளம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே அறிவித்தார்.

"அம்மா, எனக்கும் ரோஷம் இருக்காம். மிஷினே ஒத்துக்கிச்சு. இனிமே யாராவது பச்சைத் தண்ணின்னு சொன்னா ஆஸ்பத்திரி சீட்டைக் காட்டுவேன்."

மாமியார் சிரிக்கவில்லை. முதல் தடவையாக அந்த வீட்டில் தேநீர் ஆறிப் போனது.

மூத்தவர் மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது தம்பி பேச்சை எடுத்தார். சோறும் அவித்த முட்டையும் தட்டில் இருந்தன. வெளியே லாரியின் தார்ப்பாய் காற்றில் படபடத்தது.

"அண்ணே, அஞ்சு நிமிஷ வேலை. படுத்து எந்திரிக்க வேண்டியதுதான்."

"படுத்தா என்ன சொல்லுவாங்க?"

"இருந்தா இருக்குன்னு சொல்லுவாங்க."

"இருக்குன்னா?"

"பாரம் தூக்காதேன்னு சொல்லலாம்."

"அப்ப நான் என்னடா பண்ணட்டும்? அம்மா கூட உக்காந்து டம்ளருக்குக் காகிதம் சுத்தட்டுமா?"

"அது ஒண்ணும் கேவலமான வேலை இல்ல" என்றார் மாமியார்.

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"அப்படித்தான் சொன்னே."

மூத்தவர் முட்டையை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைச் சிட்டுவின் தட்டில் வைத்தார். "எங்கப்பா பீரோவோட நின்னு செத்தாரு. நான் கட்டில்ல படுத்து மாத்திரை முழுங்கிச் சாகணுமா?"

"பெரியப்பா, நானும்தான் மாத்திரை முழுங்குறேன். நான் சாகல" என்றாள் சிட்டு.

மூத்தவர் கை கழுவ எழுந்து போனார்.

அடுத்த வாரம் மழையில் நனைந்து அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வேலைக்கு நடுவில் மருந்துக்கடைக்கு வந்து கல்லாவின் மேல் கையை ஊன்றினார். பக்கத்தில் இருமல் மருந்துக்கு ஒருவரும், கட்டுத்துணிக்கு ஒரு அம்மாளும் நின்றார்கள்.

"தொண்டைக்கு வழக்கமா கொடுப்பியே, மூணு நாள் மாத்திரை, அதைக் கொடும்மா."

"இல்ல மாமா."

"தீந்து போச்சா?"

"இருக்கு. உங்களுக்கு இல்ல."

"என்னம்மா இது? ஊருக்கே கொடுக்கிறே."

"அந்தப் பட்டியல்ல இது இருக்கு மாமா. துடிப்பை இன்னும் இழுத்துவிடும். இத்தனை நாளா என் கையாலேயே எத்தனை தடவை கொடுத்திருக்கேன்னு நெனச்சா எனக்குப் பயமா இருக்கு. டாக்டர்கிட்ட போய் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துட்டு, அவங்க எழுதிக் கொடுக்கிறதைக் கொண்டுவாங்க. நான் கொடுக்கிறேன்."

"பக்கத்துல நிக்கிறவருக்குக் கொடுக்கப் போறே. எனக்கு இல்லையா?"

"அவர் உங்க அப்பாவுக்குப் பொறக்கல மாமா."

இருமல் மருந்துக்காரர் தன்னையும் மீறிச் சிரித்துவிட்டார். மூத்தவரின் காதுமடல் சிவந்தது. திரும்பி நடந்தார். அவர் தெருமுனையைத் தாண்டும் வரைக்கும் மருமகள் கல்லாவை விட்டு வெளியே வந்து நின்று பார்த்தாள். விழுந்தால் ஓட வேண்டுமே என்று. விழவில்லை. கடையைக் கூட வேலை செய்யும் பையனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பின்னாலேயே நடந்தாள்.

வீட்டின் முன்னறையில் மாமியார் மறுநாள் வேலைக்குத் தட்டுகளைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றிலும் காகிதம். மூத்தவர் உள்ளே வந்த வேகத்தில் இரண்டு தாள் பறந்தன.

"கடையில வச்சு அவமானப்படுத்துறா. நாலு பேரு முன்னால. எங்கப்பனை இழுக்கிறா."

"உக்காருடா."

"உக்கார மாட்டேன். அப்பா இருந்திருந்தா இப்படி ஒரு பேச்சு வருமா? அவரு ஆம்பளை. உயிரு போற நேரத்துலயும் பீரோவை..."

"பீரோவை அவரு எறக்கி வைக்கல" என்றார் மாமியார்.

மருமகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

மாமியார் கையிலிருந்த தட்டைச் சுற்றி முடித்தார். ஓரத்தை மடித்தார். பெட்டிக்குள் நிறுத்தி வைத்தார். அதற்குப் பிறகுதான் மகனைப் பார்த்தார்.

"கைய விட்டுட்டாரு. வேணும்னு விடல, அதுக்கு முன்னாலயே உசுரு போயிடுச்சு. பீரோ அவரு மேலயே சரிஞ்சு படியில உருண்டுச்சு. கண்ணாடி அத்தனையும் தூளு. வீட்டுக்காரரு மேல நின்னு பீரோ போச்சேன்னு கத்துறாரு. நான் கீழ உக்காந்து கண்ணாடியைப் பொறுக்கினேன். உங்கப்பா மூஞ்சில ஒண்ணு ரெண்டு ஒட்டியிருந்துச்சு. அதையும்தான்."

"அப்ப நீ இத்தனை நாளா..."

"உனக்குப் பதினொரு வயசு. அப்பா எப்படிம்மா செத்தாருன்னு கேட்டே. பாரம் தாங்காம விழுந்து செத்தாருன்னு சொன்னா, நீ எப்படிடா அந்த லாரியில ஏறுவே? ஏறலேன்னா நாம எப்படிச் சாப்பிடறது? அதனால சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது நெசமாயிடுச்சு."

மூத்தவர் மெல்ல ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"இன்னொண்ணும் இருக்கு" என்றார் மாமியார். குரல் இப்போதுதான் உடைந்தது. "அதுக்கு முன்னால என்கிட்ட மூணு தடவை சொன்னாரு. நெஞ்சுக்குள்ள ஏதோ பறவை அடிச்சுக்குதுடின்னு. 'உனக்கு ரோஷம் ஜாஸ்தி, அதான்'னு நான்தான் சிரிச்சேன். அந்தப் பேரை வச்சதே நான்தான்டா. ஒவ்வொரு தடவை நீ விழுந்தப்பவும் போர்வையை மடிச்சு வச்சேனே, அது தைரியத்துல இல்ல. இது வேற ஏதோன்னு ஒத்துக்கிட்டா, அவரைச் சிரிச்சே அனுப்பினதையும் நான் ஒத்துக்கணும்."

மூத்தவர் குனிந்து, பறந்த இரண்டு தாள்களையும் எடுத்து அம்மா பக்கம் நீட்டினார். பிறகு வாசலைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்த டாக்டரு எத்தனை மணி வரைக்கும் இருப்பாங்க, மருந்துக்கடைக்காரி?"

"பன்னிரண்டு மணி வரைக்கும் மாமா."

"நாளைக்குக் காலைல போவோம். தொண்டை வலி தாங்கல."

மறுநாள் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அண்ணனும் தம்பியும் மருமகளும் மாமியாரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தன்னையும் பார்த்தே ஆக வேண்டும் என்று மாமியாரும் பிடிவாதமாக வந்திருந்தார். அவருக்கு ஒன்றுமில்லை. வெளியே வந்து, "எனக்கு இல்லையாம்" என்று சொன்ன குரலில் ஏதோ கட்சியிலிருந்து நீக்கப்பட்ட வருத்தம் இருந்தது.

மூத்தவருக்கு இருந்தது. சிட்டு, தம்பி, அவர் என்று மூவரிலும் அவருடையதுதான் நீளம். மருத்துவர் ஒளிக்கவில்லை. "மூணு தடவை விழுந்து மூணு தடவையும் எந்திரிச்சிருக்கீங்க. நாலாவது தடவையை நம்பி இருக்க வேண்டாம். மாத்திரை இன்னிக்கே ஆரம்பம். லாரி ஓட்டக்கூடாது. கீழ்ப்பிடி, அது இதுன்னு சொன்னாங்க, அதுவும் வேண்டாம். மூணு மாசம் பார்த்துட்டுக் கருவி வைக்கணுமான்னு முடிவு பண்ணுவோம்."

"வச்சா எத்தனை நாள் ஓடும்?"

"கருவியா? சில வருஷம். பேட்டரி தீர்ந்தா மாத்திடலாம். நீங்க அதைவிட ரொம்ப நாள் ஓடணும்கிறதுக்குத்தான் அது."

மூத்தவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி யோசித்தார். "நாப்பது வயசுல எங்கப்பா போயிட்டாரு. நானும் அதுக்குள்ள போயிடுவேன்னுதான் கல்யாணமே வேண்டாம்னேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. இப்ப நாப்பத்தொண்ணு. இனிமே இருக்கிறதை என்ன பண்றதுன்னு கொஞ்சம் யோசிக்கணும்."

அதன் பிறகு அந்த வீட்டின் காலை மாறியது. ஏழு மணிக்கு மூன்று டம்ளர் தண்ணீர், மூன்று மாத்திரை. சிட்டுதான் கொடுப்பாள். பெரியப்பா வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினால்தான் ரொட்டி.

வேலையும் மாறியது. பாரம் தூக்க இரண்டு ஆட்களை வைத்தார்கள். பக்கத்துக் கட்டிடத்தின் நாலாவது மாடிக்கு ஒரு தேக்கு அலமாரி ஏற வேண்டியிருந்தது. இரண்டு இடத்தில் திரும்பும் குறுகலான படிக்கட்டு. மூத்தவர் நடுப்படியில் நின்றார். முதல் தடவையாகக் கை காலியாக இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கீழ்ப்பிடி, ஒரு விரக்கடை தூக்கு. போதும். மேல்பிடி, உன் எடது தோளைச் செவுத்துப் பக்கம் கொடு. இப்பத் திருப்பு. மெதுவா. அவ்வளவுதான்."

வீட்டுக்காரர் கேட்டார், "நீங்க தூக்கலையா?"

"தூக்க ரெண்டு பேரு போதும். எப்படித் தூக்கணும்னு தெரிஞ்சவன் ஒருத்தன் வேணும்ல."

அலமாரி சுவரில் ஒரு கோடு கிழிக்காமல் ஏறியது. மருமகள் அன்று மதியச் சாப்பாட்டைக் கொண்டுவந்திருந்தாள். படிக்கட்டின் அடியில் நின்று அந்தக் குரலைக் கேட்டாள். இத்தனை வருடமும் அந்தக் குரலுக்குத் தேவையான மூச்சு பாரத்திலேயே போயிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் ஒரு வேலை மிச்சம் இருந்தது. மருத்துவர் வரைந்து கொடுத்த குடும்ப மரம். பார்த்தவர்களுக்கெல்லாம் குறி போட்டாகிவிட்டது. ஒரு கிளை மட்டும் வெறுமையாக இருந்தது. அப்பாவின் தம்பி குடும்பம். அப்பா இறந்த வருடம் லாரி யாருக்கு என்று வந்த சண்டையில் பிரிந்தவர்கள். சித்தப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மகன் ஊரின் மறுமுனையில் இதே தொழில் செய்கிறான். இரண்டு லாரிகளும் எதிரெதிரே வந்தால் ஹாரன்கூட அடிக்காது.

"நான் வேணும்னா போய்ச் சொல்லிட்டு வர்றேன்" என்றார் தம்பி.

"நீ சிரிச்சுக்கிட்டே சொல்லுவே, அவன் நம்ப மாட்டான். அந்த வாசல்ல கால் வைக்க மாட்டேன்னு சொன்னவன் நான். நான்தான் போகணும்" என்றார் மூத்தவர்.

தம்பி லாரியை ஓட்டினார்; ஒருமுறைகூட மயங்காததால் மருத்துவர் அவரைத் தடுக்கவில்லை. மருமகள் காகிதங்கள் இருந்த உறையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கொட்டகை வாசலில் சித்தப்பா மகன் பட்டைகளை வெயிலில் உலர்த்திக்கொண்டிருந்தான். மூத்தவர் இறங்கியதைப் பார்த்துக் கையை இடுப்பில் வைத்தான்.

"என்ன, உங்க கெழக்குப் பக்கம் வேலை இல்லையா? ஆளு வேணும்னு போர்டு வைக்கலையே நாங்க."

மூத்தவருக்குக் கோபம் வந்தது. வந்ததை அவர் நின்று கவனித்தார். அது தொண்டை வரைக்கும் வந்து, இறங்கிப் போனது.

"உங்க வீட்ல யாராவது மயங்கி விழுறாங்களா?" என்று கேட்டார்.

"எங்க வீட்டு விஷயம் உனக்கு என்னத்துக்கு?"

"எங்கப்பாவும் உங்கப்பாவும் ஒரே ரத்தம். அந்த ரத்தத்துல ஒரு கோளாறு இருக்கு. எனக்கு இருக்கு, இவனுக்கு இருக்கு, இவன் பொண்ணுக்கு இருக்கு. மாத்திரை போட்டா நல்லா இருக்கலாம். தெரியாம இருந்தா எங்கப்பா மாதிரி படியில போகணும். லாரியை நீங்களே வச்சுக்கோங்கன்னு எங்க வீட்ல அன்னிக்கே சொல்லியிருக்கணும், சொல்லல. இதையாவது சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அவன் கையிலிருந்த பட்டையைச் சுருட்டினான். பிரித்தான். மறுபடி சுருட்டினான்.

"பெரிய பொண்ணு" என்றான். "போன மாசம் நீச்சல் குளத்துல முழுகிட்டா. நீச்சல் நல்லாத் தெரியும் அவளுக்கு. ஏன்னு யாருக்கும் புரியல."

மூத்தவர் தம்பியைப் பார்த்தார். தம்பிதான் கேட்டார். "இருக்காளா?"

"இருக்கா. உள்ள இருக்கா. பக்கத்துல இருந்தவங்க தூக்கிட்டாங்க."

"மணி பத்தரை. அந்தம்மா பன்னிரண்டு வரைக்கும் பார்ப்பாங்க. பொண்ணைக் கூப்பிடு. நீயும் சட்டையைப் போட்டுக்கிட்டு வா" என்றார் மூத்தவர்.

அந்தப் பெண்ணுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். வாசலுக்கு வந்து, தன் அப்பாவின் சாயலில் நின்ற இந்தப் பெரிய முதுகை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்க பெரியப்பா. வண்டில ஏறு" என்றான் அப்பன், எங்கோ பார்த்தபடி.

லாரியின் பின்கதவு இறங்கியிருந்தது. மூத்தவர் ஒரு போர்வையை விரித்து அவளுக்கு இடம் செய்தார். அவள் ஏறாமல் கேட்டாள்.

"ஊசி போடுவாங்களா?"

"ம்ஹூம். பத்து ஒயரு ஒட்டுவாங்க. அசையாம படுக்கணும். அஞ்சு நிமிஷம்."

"அசைஞ்சா?"

மூத்தவர் கையை நீட்டினார். "அசைய மாட்டே. நம்ம வீட்ல இதுவரைக்கும் ஒருத்தர்கூட அசைஞ்சதில்ல" என்றார்.